உலகத்தில் எண்ணெய் இருக்கிறது, குருநகரில் இல்லை

நோர்வேயின் ஸ்டவாங்கரில் எங்கள் வீட்டுத் தெரு மூலையில் இருக்கும் பெற்றோல் செற்றில் இப்போது பெற்றோல் இல்லை. பம்புகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இடத்தில் கார்களுக்கு மின்சாரம் ஏற்றும் தூண்கள் நிற்கின்றன. உள்ளே கோப்பியும், ‘பொல்சே’ என்று இவர்கள் சொல்லும் சொசேச்சும் விற்கிறார்கள். முதல் நாள் அதைக் கண்டபோது என் கால் தானாக நின்றுவிட்டது. எங்கள் ஊரில் செற்றில் பெற்றோல் இல்லையென்றால் அது பெரிய செய்தி. வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும், வெறும் பிளாஸ்ரிக் கானைத் தூக்கிக்கொண்டு அடுத்த செற்றுக்குப் போக வேண்டும். இங்கே ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கிழவர் கடுகுக் களி பூசிய பொல்சேயைக் கடித்தபடி, “நல்ல வெயில்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்த ஊரே கடலடி எண்ணெயில் வளர்ந்தது. எடுத்ததை ஊருலகத்துக்கு விற்றுவிட்டு, தாங்கள் மின்சாரத்தில் ஓடுகிறார்கள்.

நானும் அந்த எண்ணெயில்தான் சோறு தின்கிறேன். உலகத்து எண்ணெய் இனி எவ்வளவு வரும், எப்போது குறையும் என்று கணிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை. ஒரு கிணறு பிறந்து வளர்ந்து தளர்வதற்கு ஒரு வடிவம் உண்டு. முதலில் ஏறும், ஓர் உச்சியில் நிற்கும், பிறகு எவ்வளவு தண்ணீரை உள்ளே அமுக்கினாலும் இறங்கத்தான் செய்யும். உலகத்துக் கிணறுகள் எல்லாவற்றின் வடிவங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மொத்த உலகத்தின் உச்சியும் தெரியவேண்டும். அதைத்தான் எண்ணெய் உச்சம் என்கிறோம். அது இதோ வருகிறது என்று எனக்கு முந்திய தலைமுறை சொல்லிக்கொண்டே இருந்தது. பாறையை உடைத்து எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள், உச்சி தள்ளிப்போனது. இப்போது எங்கள் அலுவலகத்தில் தர்க்கம் வேறு: எண்ணெய் முதலில் குறையுமா, அல்லது எண்ணெய் வேண்டும் என்கிற ஆசை முதலில் குறையுமா? என் மூலைக் கடை இரண்டாவது கட்சி.

என்னுடன் வேலை செய்யும் இங்கிரிட் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டாள்: “எண்ணெய் ஒருநாள் நின்றுபோனால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று நீ நினைக்கிறாய்?” நான், “சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்பார்கள்” என்றேன். நல்ல கற்பனை என்று அவள் பாராட்டினாள். நான் கற்பனை செய்யவில்லை. போர் நாட்களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குள் எரிபொருள் வராமல் நின்றது. மோட்டார் சைக்கிள் எஞ்சினின் வாயில் சின்னப் போத்தலால் நாலு துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வீதியெல்லாம் குப்பிவிளக்கு அணைந்த மணம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரி போட்டு அந்த வெளிச்சத்தில்தான் நான் கணக்குப் படித்தேன். அந்தக் கணக்குத்தான் என்னைப் பல்கலைக்கழகத்துக்கும், பிறகு புலமைப்பரிசிலில் இந்தக் குளிருக்கும் கொண்டுவந்தது. அண்ணன் அன்ரன், எங்கள் ஐயா விட்டுப்போன மீன்பிடிப் படகோடு குருநகரில் நின்றுவிட்டான்; ரெஜினாவைக் கட்டியதும் அங்கேதான்.

நாட்டில் பெரும் நெருக்கடி வந்த வருடம், மண்ணெண்ணெய் மறுபடியும் இல்லாமற் போனது. இந்தமுறை தடை எதுவும் இல்லை. எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்க நாட்டிடம் டொலர் இல்லை. குருநகர்க் கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் படகுகள் வெயிலில் காய்ந்தன. அண்ணன் தொலைபேசியில் எடுத்தான்.

“பிள்ளை, எஞ்சினை வாங்க ஒராள் நிக்கிறான். குடுத்துப்போட்டு உவள் ரெஜினாவின்ரை தமையனோடை கொழும்பில கட்டிட வேலைக்குப் போகலாமோ எண்டு யோசிக்கிறன். நீதானே எண்ணெயைப் பற்றிப் படிச்சனி. சொல்லு, மண்ணெண்ணெய் திரும்பி வருமோ?”

“வரும் அண்ணை. உலகத்தில எண்ணெய் கிடக்கு. கொஞ்ச நாள் பொறுங்கோ.”

“அப்ப விக்கேல்லை” என்றான். அவ்வளவுதான். அரசாங்கங்களும் வங்கிகளும் என் கணிப்பைக் கேட்டுவிட்டு இன்னும் இரண்டு பேரிடம் கேட்பார்கள். அண்ணன் ஒருவன்தான் கேட்டவுடன் நம்பினான்.

ஆனால் பொறுக்கிற நாட்களிலும் வீட்டில் உலை வைக்க வேண்டும். அவனும் கூட்டாளி சூசையும் யூரியாச் சாக்குகளைத் தைத்துப் பாயாக்கி, ஒரு கம்பை நட்டு, கையிலிருந்த கொஞ்ச மண்ணெண்ணெயைத் திரும்பிவர மட்டும் என்று வைத்துக்கொண்டு தீவுகளுக்கு அப்பால் மீனுக்குப் போய்வரத் தொடங்கினார்கள். தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று பலமாக வீசுகிற காலம். ஒருநாள் பின்னேரம் போனவர்கள் விடிந்தும் வரவில்லை.

நான் வேலைக்குப் புறப்படுகிறபோது ரெஜினா மச்சாள் எடுத்தார். “இவையைக் காணேல்லை, தங்கச்சி. தேடிப்போறதுக்கு ஒருத்தரிட்டையும் எண்ணெய் இல்லை. சேர்ச்சுக்கு முன்னால எல்லாரும் நிக்கினம். ஒவ்வொரு வீட்டிலையும் துளித்துளியாச் சேர்க்கினம்.” பின்னால் பெண்கள் செபமாலை சொல்லும் சத்தம் கேட்டது.

அன்றைக்கு அலுவலகத்தில் என் முறை. வருங்கால விநியோகம் பற்றிய படத்தைத் திரையில் போட்டுவிட்டு, நான் என் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். இங்கிரிட் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனாள். அண்ணன் கடலில், எண்ணெய் இல்லாமல் நிற்கிறான் என்றேன்.

“மீட்புப் படகைக் கூப்பிட்டார்களா?”

“அதற்கும் எண்ணெய் வேண்டும்.”

“மீட்புப் படகுக்கா?” அவள் என் நோர்வே மொழியில்தான் பிழை என்று நினைத்தாள். ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னாள். ஆங்கிலத்திலும் அதையேதான் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஊரில் பின்னேரமானபோது செய்தி வந்தது. காற்றில் பாய்மரம் முறிந்து, வைத்திருந்த எண்ணெயும் எரிந்து தீர்ந்து, அலைந்துகொண்டிருந்தவர்களைத் தீவுப்பக்கத்து ஆட்கள் கண்டு, கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்திருக்கிறார்கள். சூசைக்கு ஒன்றுமில்லை. முறிந்த மரம் விழுந்ததில் அண்ணனின் வலது கையில் இரண்டு விரல்கள் நசிந்துபோயின. ஆசுப்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

மண்ணெண்ணெய் வந்தது. நான் சொன்னபடி, சில மாதங்களில் வந்தது. பழைய விலையைப் பலமடங்காக்கிக்கொண்டு வந்தது. ரெஜினா மச்சாள் வெகுநாட்கள் என்னோடு கதைக்கவில்லை. நான் எடுத்தால் போனை அண்ணனிடம் நீட்டிவிடுவார்.

அதன்பிறகு நான் எழுதிய அறிக்கையில் ஒரு பந்தி சேர்த்தேன்: உலகத்தில் எண்ணெய் உச்சம் வருவதற்கு வெகுமுன்பே சில கரைகளில் அது வந்துபோகும், அந்தக் கரைகளுக்குத் தனியே கணிப்பு வேண்டும். மேலாளர் நல்ல மனிதர். இரண்டுமுறை வாசித்தார். “இது உண்மை. ஆனால் வாடிக்கையாளர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி இது இல்லை” என்று சொல்லி அந்தப் பந்தியை எடுத்துவிட்டார். நான் வேலையை விடவில்லை. விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இன்னும் அழகாக இருந்திருக்கும்.

போன ஆவணியில் ஊருக்குப் போனேன். அண்ணன் பெரிய எஞ்சினைக் கடைசியில் விற்றுவிட்டு, சின்னதொன்றைப் பூட்டிக்கொண்டு கரையோரக் களப்புக்குள்ளேயே நண்டுவலை போடுகிறான். மூன்று விரலால் வலைமுடிச்சைக் கழற்றுவதை நான் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சாள் நண்டுக்கறியைக் கொண்டுவந்து வைத்தார்.

“உங்கடை சொல்லைக் கேட்டுத்தான் இவர் இஞ்சை நிண்டவர்” என்றார். “கொழும்புக்குப் போயிருந்தாலும் என்ன? அந்தக் கட்டிடக்காரரும் ஓடிட்டினம், என்ரை அண்ணரும் வெறுங்கையோடைதான் வந்தவர். என்னெண்டு சொல்ல? சாப்பிடுங்கோ.”

மன்னிப்பா, குற்றச்சாட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அண்ணன் சிரித்தான். “இவள் பிழையாச் சொல்லேல்லையப்பா. வருமோ எண்டு கேட்டன். என்ன விலைக்கு வரும் எண்டு நான் கேக்கேல்லை.”

திரும்பி வந்து சில வாரங்களில், வற்றிப்போன எண்ணெய் மேடை ஒன்றை உடைப்பதற்காக ஃபியோர்டு எனும் கடற்கழிக்குள் இழுத்துவந்தார்கள். இரண்டு மலைகளுக்கு நடுவே, கடலுக்கும் சொந்தமில்லாமல் கரைக்கும் சொந்தமில்லாமல் துருப்பிடித்த இரும்பு நின்றது. சனம் பிள்ளைகுட்டியோடு வந்து பார்த்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு மனிதர், முன்பு அதில் வேலை செய்தவராக இருக்கவேண்டும், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நான் அண்ணனை வீடியோ அழைப்பில் எடுத்து அதைக் காட்டினேன். அவன் படகில் இருந்தான்.

“உது என்ன பிள்ளை, கோயில் கோபுரம் மாதிரி?”

“எண்ணெய் எடுத்த மேடை, அண்ணை. எண்ணெய் முடிஞ்சுது. வெட்டப்போகினம்.”

“முடியும் எண்டு முந்தியே தெரியுமோ?”

“ஓம். இதை நாங்கள் சரியாச் சொன்னனாங்கள்.”

“பாவம்” என்றான். யாரைச் சொன்னான் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவன் தன் பக்கத்தைக் காட்டுவதற்காகப் போனைத் திருப்பினான். திரை முழுக்க மண்டைதீவுப் பக்கத்துக் கடல் வெயிலில் மினுங்கியது. அதன் மூலையில், கம்பளித் தொப்பி போட்ட என் முகம் சின்னச் சதுரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் மேலும் கீழும் ஆட, அது மட்டும் அசையாமல் இருந்தது.