நிவியாக்சியின் இருமல்

என் அண்ணி உல்லூரியாக்கைக் கண்டால் வடகோடிப் பனிக்கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பயம். தெற்கே படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு அரசாங்கம் செய்வதெல்லாம் அவள் கை வழியாகத்தான் நடக்கும். விமான டிக்கெட், தங்க இடம், மாதாமாதம் சாப்பாட்டுச் செலவு எல்லாமே அவள் பொறுப்பு. உதவித்தொகை வரத் தாமதமானால் அலுவலகத்துக்குப் போன் போட்டு, எடுத்தவர் "இன்னிக்கே போட்டுடறோம்மா" என்று கெஞ்சும்வரை விடமாட்டாள். பாதியில் படிப்பை விட்டுத் திரும்பும் பையனை விமானத்தளத்திலேயே மறித்துக்கொள்வாள். "என்னடா, அங்க மரம் உன்னைக் கடிச்சிடுச்சா?" என்று மரமே முளைக்காத எங்கள் ஊர் கேட்கச் சத்தம் போடுவாள். அப்புறம் வீட்டுக்குக் கூட்டிப்போய் மான் கறி போடுவாள்.

பேய் பிசாசு என்றால் சிரிப்பாள். பெயர் விஷயம் மட்டும் வேறு. எங்களில் இறந்தவரின் பெயரைப் பிறந்த குழந்தைக்கு வைத்தால், அந்த ஆளே திரும்பி வந்ததாகக் கணக்கு. உறவுமுறையும் அதன்படியே. என் தம்பி மகனை நான் "மாமா" என்றுதான் கூப்பிடுகிறேன், அவன் மூக்கு ஒழுக நிற்கும்போதும்.

அண்ணிக்கு ஒரு பெரியம்மா இருந்தாள், நிவியாக்சி என்று. அண்ணி பிறப்பதற்கு முன்பே போய்விட்டவள். அந்தக் காலத்தில் கோடை வந்தால் ஆஸ்பத்திரிக் கப்பல் வரும். ஊரே அதில் ஏறி நெஞ்சைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். காசநோய் என்று தெரிந்தவர்களைத் திரும்பக் கரையிறங்க விடாமல் அப்படியே தெற்கே கொண்டுபோய்விடுவார்கள். கல்யாணமாகாத நிவியாக்சி கப்பல் கம்பியைப் பிடித்தபடி கையாட்டிக்கொண்டே போனாளாம். இருக்கிறாளா, செத்தாளா என்று ஒரு சேதி வரவில்லை. இனி வரமாட்டாள் என்று மனம் ஆறிப்போன பிறகு, எங்கள் பக்கத்து வீட்டில் பிறந்த பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அன்றிலிருந்து அண்ணிக்கு அந்தக் குழந்தை பெரியம்மா. குழந்தைக்கு அண்ணி மகள்.

அந்தப் பெண் வளர்ந்து, நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்துத் தெற்கே போனாள். அந்த வருஷம் வடக்குப் பிள்ளைகளை எல்லாம் ஒரே கட்டடத்தில் தங்கவைக்க அரசாங்கம் ஏற்பாடு செய்திருந்தது. அங்கே நகருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே, நீளமான செங்கல் கட்டடம். புதுச் சாயம், நல்ல சூடு, மூன்று வேளைச் சாப்பாடு. அண்ணிக்குப் பரம திருப்தி.

ஞாயிறு மதியம் பிள்ளைகளோடு அண்ணி போனில் பேசுவாள். முதல் மாதமே நிவியாக்சி சொன்னாள். "பக்கத்து ரூம்ல யாரோ இருமிக்கிட்டே இருக்காங்க மகளே. படிக்கவே முடியல."

"கதவைத் தட்டிக் கஷாயம் குடிக்கச் சொல்லேன் பெரியம்மா."

"தட்டினேன். அங்க ஆளே இல்லியாம். நாற்காலி போட்டு வைக்கிற ரூமாம்."

இரண்டு வாரம் கழித்து அவளுக்கே இருமல் வந்தது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார். அடுத்த ஞாயிறு நானும் அண்ணி வீட்டில் இருந்தேன். போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். பரீட்சை பற்றிப் பேசிக்கொண்டிருந்த பெண் சட்டென்று நிறுத்தினாள். பிறகு, இப்போது யாரும் பேசாத பழைய பேச்சில், இழுத்து இழுத்துக் கேட்டாள்.

"கப்பல் எப்ப திரும்பி வரும்?"

அண்ணி தேநீரைக் கீழே வைத்துவிட்டுப் போன் அருகே குனிந்தாள். "என்ன கேட்ட?"

"பரீட்சை வெள்ளிக்கிழமைன்னு சொன்னேன்" என்றாள் பெண், தன் வழக்கமான குரலில்.

மறுநாள் அண்ணி அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மாணவருக்கு உடம்பு சரியில்லாவிட்டால் நெருங்கிய உறவு ஒருவர் போய்ப் பார்க்க அரசாங்கம் டிக்கெட் தரும்.

"உங்களுக்கு அந்தப் பொண்ணு என்ன உறவு?" என்று கேட்டாள் அங்கிருந்த அம்மாள்.

"பெரியம்மா."

"நீங்க அவளுக்குப் பெரியம்மாவா?"

"இல்ல, அவ எனக்கு."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னாள், "நெருங்கிய உறவுன்னு போட்டுக்கறேன். புதன்கிழமை கிளம்புங்க." நல்ல மனுஷி.

இனி நடந்தது அண்ணி என்னிடம் சொன்னது. அவள் கூட்டிச் சொல்கிறவள் அல்ல.

போய்ச் சேர்ந்தபோது பெண் வகுப்புக்குப் போயிருந்தாள். அண்ணி அவள் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நல்ல வெயில். ஜன்னல் முழுக்க மரம். தூரத்தைப் பார்க்கவிடாமல் எதிரே வந்து நிற்பதுபோல் இருந்ததாம். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. ஒருவர் இல்லை. ஒருவர் இருமி ஓய, கொஞ்சம் தள்ளி இன்னொருவர், அதற்கும் தள்ளி இன்னொருவர். வரிசையாகப் படுத்திருப்பவர்கள் இருமுவது போல.

கட்டடக் காவலர் மோரினைக் கூப்பிட்டு அந்த அறையைத் திறக்கச் சொன்னாள். அடுக்கிய நாற்காலிகள்தான். ஆனால் உள்ளே எங்கள் ஊர்க் கடல்நாய்க் கொழுப்பு விளக்கு அப்போதுதான் அணைந்த வாசனை. தெற்கே யார் அந்த விளக்கை ஏற்றப் போகிறார்கள்?

"இது முன்னாடி என்னவா இருந்துச்சு?" என்றாள்.

"ஆஸ்பத்திரி. காசநோய்க்கு" என்றார் மோரின். "எங்கப்பா இங்கதான் வேலை பார்த்தார். உங்க பக்கத்து ஆளுங்க நிறைய பேர் இருந்தாங்களாம்."

"வீட்டுக்குத் திரும்பாதவங்க?"

மோரின் ஜன்னல் வழியாக மரங்களைக் காட்டினார்.

அண்ணி வெளியே வந்தபோது நிவியாக்சி பேருந்திலிருந்து இறங்கினாள். ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அண்ணி இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை. பெண் தானாகவே திரும்பி மரங்களுக்குள் நடந்தாள், கடைக்குப் போகிறவள் போல. உதிர்ந்த இலைகளுக்கடியில் பெயரில்லாத சின்னச் சின்னக் கற்கள் புதைந்து கிடந்தன. ஒன்றின் முன்னால் நின்றாள்.

"இங்க ஈரமா இருக்கு" என்றாள் பழைய பேச்சில். "நீ யாரு வீட்டுப் பொண்ணு?"

ஓடிவிடலாம் என்றுதான் அண்ணிக்கு முதலில் தோன்றியதாம். ஓடவில்லை. "உன் தங்கச்சி மக" என்றாள்.

"அவ நல்லாருக்காளா?"

"போயிட்டா. ஆறு பிள்ளை பெத்தா. கடைசிவரைக்கும் கப்பல் வர்றப்பல்லாம் கரைக்குப் போய் நின்னா."

பிறகு ஒவ்வொன்றாகக் கேள்வி வந்தது. அப்பா எப்படிச் செத்தார், படகு யாருக்குப் போனது, வெள்ளை நாய் என்னவாயிற்று. தெரிந்ததைச் சொன்னாள். நாயைப் பற்றித் தெரியவில்லை என்றும் சொன்னாள். எல்லாம் கேட்டு முடிந்ததும் பெண் குனிந்து, நீளமாக, குடல் வெளியே வருகிற மாதிரி ஒரு முறை இருமினாள். நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள்.

"மகளே, ஏன் அழறே? வா, பசிக்குது."

அதோடு இருமல் நின்றது. அண்ணி அவளை ஊருக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"படிக்கத்தானே அனுப்பினே? முடிச்சிட்டு வரேன்" என்றுவிட்டாள். முடித்தும் வந்தாள். இப்போது எங்கள் மருத்துவ நிலையத்தில் ஊசி போடுகிறாள். அந்த மரங்களுக்குள் போனதே அவளுக்கு நினைவில்லை.

மறு வருஷம் அண்ணி சண்டை போட்டுப் பிள்ளைகளை வேறு வீடுகளுக்கு மாற்ற வைத்தாள். பெரியம்மாவின் எலும்பைக் கொண்டுவரவும் கேட்டாள். எந்தக் கல்லுக்குக் கீழே யார் என்று உறுதியாகத் தெரியாமல் தோண்ட முடியாது என்றார்கள். அந்தக் கல் எதுவென்று தனக்குத் தெரியும் என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அதோடு அந்த மனு நின்றுபோனது.

அதற்குப் பதிலாக, முதல் வருஷப் பிள்ளைகளோடு துணைக்கு ஒரு பெரியவர் போகவும் செலவு தரச் சொல்லி உத்தரவு வாங்கிவிட்டாள். ஒவ்வொரு வருஷமும் இலையுதிர்காலத்துக்கு முன் அவளே போகிறாள். பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு, மரங்களுக்குள் போய் நின்று ஊர்ச் சேதி சொல்கிறாள், சத்தமாக.

போன முறை அந்த மரங்களுக்குள்ளிருந்து எனக்குப் போன் வந்தது. "கடலோரத்து அக்பாலியாலுக் வீட்ல கடைசியாப் பொறந்தது பையனா, பொண்ணா?" என்றாள் அவசரமாக.

அந்த வீட்டோடு எங்களுக்கு எந்த உறவும் இல்லை. யார் கேட்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

"பொண்ணு. இன்னும் பேரு வைக்கல" என்றேன்.

அண்ணி போனைக் காதிலிருந்து எடுத்து யாரிடமோ அதைச் சொன்னாள். பிறகு திரும்பி வந்து, "அவங்க பேரைச் சொல்றாங்க, எழுதிக்க" என்றாள்.