அழைக்க வேண்டாம் என்று சொன்ன 611 பேர்

611. காமாட்சியின் பொறுப்பில் இருக்கும் எண் இது. ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு பேக்கரியின் மாடியில் இயங்கும் சிறிய அறக்கட்டளைக்கு நன்கொடை தருபவர்கள் நாலாயிரத்துச் சொச்சம் பேர். அவர்களில் 611 பேர், 'கொடுக்கிறோம், ஆனால் எங்களுக்குப் போன் செய்யாதீர்கள்' என்று சொன்னவர்கள். பஸ் போகாத மலைக் கிராமங்களிலிருந்து நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் இரண்டு ஜீப்புகள் இவர்களையும் நம்பித்தான் ஓடுகின்றன.

காமாட்சிக்கு வயது நாற்பத்து மூன்று. இங்கே வருவதற்கு முன் பதினான்கு வருடம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருந்தார். எந்த அறைக்குக் காலை ஐந்தரைக்கே காபி போக வேண்டும், எந்தக் கதவைத் தட்டவே கூடாது என்பதெல்லாம் அங்கே பழகியது. எந்த அறையில் யார் தங்கியிருக்கிறார்கள் என்று வெளியாள் கேட்டால் வாயைத் திறக்கக் கூடாது என்பதும்தான்.

அறக்கட்டளையில் சேர்ந்த முதல் வாரமே, சேலத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் போனில் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்கம்மா, மாசத்துக்கு மூணு தடவ கூப்புட்டுக் கும்புடு போடறீங்க. நான் குடுக்கறதே வருசத்துக்கு ஒருக்காத்தானுங்க!"

"மன்னிச்சுக்கங்க ஐயா. எப்பக் கூப்புட்டா உங்களுக்குத் தொந்தரவு இல்லீங்க?"

அதுவரை அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

"பொங்கலுக்கு ஒரு லெட்டர் போடுங்க. அது போதும்."

கம்ப்யூட்டரில் அவர் பெயருக்கு நேரே காமாட்சி அதை எழுதிவைத்தார். அன்றிலிருந்து எல்லோரிடமும் அதே கேள்வி. 'பத்து மணிக்கு மேல்', 'வாட்ஸ்அப் மட்டும்', 'பண்டிகை வாழ்த்துப் படம் அனுப்பினால் நன்கொடையை நிறுத்திவிடுவேன்' என்று குறிப்புகள் வளர்ந்தன.

அதில் ஒரு குறிப்பு அத்தாயியுடையது. மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காபிப் பழம் பறிப்பவர். ஒரு மழைக்காலத்தில் அவருடைய மருமகளைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்தது இந்த ஜீப். அதிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு, சந்தைக்கு வரும்போது மாடியேறி வந்து, முந்தானையில் முடிந்திருப்பதை அவிழ்த்துக் கொடுப்பார். வீட்டுக்குத் தெரியாது.

"எங்க ஊட்டுக்கு மட்டும் போன் போட்றாதீங்க சாமி. போனு பையன்கிட்ட இருக்குது. கூரைக்குத் தகரம் மாத்தணும்னு அவன் நிக்கறான். இது தெரிஞ்சா அதோட எனக்கு இந்தப் படியேற வழியில்ல."

"போன் வராதுங்க" என்று காமாட்சி சொல்லியிருந்தார்.

கடந்த மே மாதம் ஒரு சனிக்கிழமை அந்த வாக்குக்குச் சோதனை வந்தது. மூன்றாவது ஜீப் வாங்க, பழைய நன்கொடையாளர்களை ஒரே நாளில் அழைத்துக் கேட்பது என்று ஏற்பாடு. சேலத்திலிருந்து பன்னிரண்டு கல்லூரி மாணவர்கள் வந்திருந்தார்கள். மேலாளர் ரஞ்சித் புதிய மென்பொருளிலிருந்து பட்டியலை அச்செடுத்தார்.

"611 பேரும் இதுல இல்லீங்கக்கா. ரெண்டு தடவ பாத்துட்டேன்."

"நான் மூணு தடவ பாத்துட்டேன் தம்பி."

பத்து மணிக்கு மாடி முழுக்க ஒரே வணக்கமாக இருந்தது. டீத்தட்டோடு நடந்த காமாட்சி, ஹரிணி என்ற மாணவியின் பின்னால் சட்டென்று நின்றார். அவள் அழுத்திக்கொண்டிருந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் அவருக்கு மனப்பாடம்.

"கட் பண்ணு கண்ணு! கட் பண்ணு!"

அதற்குள் இரண்டு முறை மணி அடித்துவிட்டது.

தாளில் அத்தாயி பெயர் இல்லை. இருந்தது அவருடைய மகன் சத்யராஜின் பெயர். போன வருடம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஜீப்பில் வந்தவர், இறங்கும்போது உண்டியலில் ஏதோ போட்டிருக்கிறார். அவர் பெயரையும் எண்ணையும் டிரைவர் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு இருப்பதே ஒரு போன். மென்பொருள் தாயின் பெயரைத் தடுத்தது, மகனின் பெயரை விட்டுவிட்டது, எண் ஒன்றுதான் என்பதைக் கவனிக்கவில்லை.

"எல்லாரும் நிறுத்துங்க!" என்றார் காமாட்சி.

"அக்கா, மணி பத்தே காலு. பசங்க ரெண்டு மணிக்குப் பஸ் ஏறணும்" என்றார் ரஞ்சித்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஹரிணியின் கையிலிருந்த போன் அடித்தது. அதே எண்.

"ராங் நம்பர்னு சொல்லிருங்க" என்றார் ரஞ்சித் மெல்லிய குரலில்.

காமாட்சி தலையசைத்து மறுத்துவிட்டுப் போனை வாங்கினார்.

"ஏனுங்க, இந்த நம்பர்ல இருந்து கூப்புட்டீங்களா?"

"ஆமாங்க. ஏற்காட்டுல ஜீப் ட்ரஸ்ட்டுங்க. கூப்புடக் கூடாத நம்பருக்குத் தெரியாமக் கூப்புட்டுட்டம். தப்பு எங்களுதுதானுங்க."

"ஜீப் ட்ரஸ்ட்டா?" குரல் கூர்மையானது. "எங்கம்மா மாசாமாசம் சந்தைல நொம்ப நேரம் காணாமப் போகுது. அங்க வந்து ஏதாச்சும் குடுக்குதுங்களா?"

காமாட்சி போனை மறு காதுக்கு மாற்றினார்.

"யாரு பேரு இங்க இருக்குது, இல்லைன்னு யாருக்கும் சொல்றதில்லீங்க. நாளைக்கு உங்களப் பத்தி யாராச்சும் வந்து கேட்டாலும் இதேதானுங்க சொல்லுவேன்."

"ஏனுங்க, இதென்ன மிலிட்டரி ரகசியமா?"

"மிலிட்டரிக்காரங்க கூடச் சொல்லீருவாங்க. நாங்க சொல்ல மாட்டமுங்க."

எதிர்முனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "நல்ல ஆளுங்க நீங்க. அப்ப என்னையும் சொல்ல மாட்டீங்க?"

"மாட்டமுங்க. உங்களுக்கு இனிப் போன் வரலாமுங்களா?"

"வேண்டாமுங்க. நான் வேலைல இருப்பேன்."

போனை வைத்த பிறகுதான் காமாட்சி உட்கார்ந்தார். ரஞ்சித் கம்ப்யூட்டரில் முழுப் பட்டியலையும் எண் வரிசையில் அடுக்கினார். இதே மாதிரி இரண்டு பெயர்களில் பதிவாகியிருந்த எண்கள் தொண்ணூற்று நான்கு. மாணவர்கள் ஆளுக்கொரு பேனா எடுத்துத் தாளில் அவற்றை அடித்தார்கள். மீண்டும் அழைக்கத் தொடங்கியபோது பதினொன்றே முக்கால். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும், 'இனி எப்படித் தொடர்பு கொள்ளலாமுங்க?' என்று ஹரிணி கேட்க ஆரம்பித்தாள். மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நேரம் குறைந்துபோனாலும், ஜீப்புக்கு வேண்டிய பணத்தில் பாதியைத் தர அன்றே ஆட்கள் ஒப்புக்கொண்டார்கள்.

மறுநாள் ஞாயிறு. அத்தாயி படியேறி வந்தார். காமாட்சி ஒளிக்கவில்லை.

"உங்க ஊட்டு நம்பருக்கு நேத்து ரெண்டு தடவ மணி அடிச்சுருச்சுங்கம்மா. தப்பு என்மேலதான். உங்களப் பத்தி ஒரு வார்த்த சொல்லல."

"தெரியும் சாமி. 'ஜீப் ஆபீஸுல ஒரு அம்மா இருக்குது, தலகீழா நின்னாலும் வாயத் தொறக்காது'ன்னு பையன் நேத்தெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சான்." அத்தாயி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். "ரசீத யாரு பேருக்குப் போட்டீங்க, எனக்கா?"

"அதச் சொல்லக் கூடாதுங்க."

"அட, எங்கிட்டயுமா!" என்று அத்தாயி அவர் தோளில் தட்டினார். வீட்டில் யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று, வழக்கம்போல அன்றும் ரசீதை வாங்கிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை ரஞ்சித் மென்பொருளில் தடையைப் பெயரிலிருந்து எண்ணுக்கு மாற்றினார். அடுத்த அழைப்பு நாள் ஆவணியில். அதற்கு முந்தைய வாரம் காமாட்சி செம்மநத்தம் கிராமத்துக்குப் போகிறார். அங்கே நன்கொடை தரப் புதிதாகச் சேர்ந்த இருபத்தாறு பேரிடம், போன் வேண்டுமா வேண்டாமா என்று நேரில் கேட்டு எழுதி வர வேண்டும்.