சட்டி மூடியைத் திறக்கிற பிள்ளை

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரெட்டியார்பாளையம் வீட்டில் கண்ணயர்ந்திருந்தபோது போன் வந்தது. ஃபிலோ அக்கா இறந்துவிட்டார். திரைச்சீலை காற்றில் எழுவதும் அடங்குவதுமாக இருந்தது. அக்கா ஏதோ ஒரு பிள்ளையின் மாமனைத் தேடிப் போயிருக்கிறார், வெயில் தாழ வந்துவிடுவார் என்றே அரைத்தூக்கத்தில் தோன்றியது.

குழந்தைகள் நலப் பிரிவில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். அநாதரவாக நிற்கும் பிள்ளையைக் காப்பகத்துக்கு அனுப்புமுன், சொந்தத்தில் யாராவது வளர்ப்பார்களா என்று பார்க்கச் சொல்கிறது விதி. நாமெல்லாம் ரேஷன் கார்டில் உறவைத் தேடினோம். அக்கா பிள்ளையின் காதைத் தொட்டுக் கேட்பார்: "காது குத்தனப்போ யாரு மடியில உக்காந்தே, கண்ணு?"

மலரையும் அப்படித்தான் கேட்டார். தாய் இறந்து, தகப்பன் போன இடம் தெரியாமல், வெளியூர்க் காப்பகத்துக்குப் போகவிருந்த சிறுமி. "சேகர் மாமா மடில" என்றாள்.

சேகர் தேங்காய்த்திட்டில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். போய்ப் பார்த்தால் மலர் குடும்பத்தின் பழைய பக்கத்து வீட்டுக்காரர்! மலரின் அம்மாவுக்கு உடன்பிறந்தவர்கள் இல்லாததால் காதுகுத்துக்கு அவர் மடி கொடுத்திருக்கிறார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"ரத்த சொந்தம் இல்லியேக்கா, குழந்தைகள் நலக் குழு ஒத்துக்குமா?"

"அட போடி! ஊரறிய மாமன் மொற செஞ்சிருக்கான். புள்ள அவன் பேரத்தான சொல்லிச்சு?"

சேகரின் மனைவியும், "எங்க புள்ளைங்களோட இதுவும் வளரட்டும் மேடம்" என்றார். வளர்ப்புக் குடும்பமாகப் பதிந்துகொள்ளக் குழு சம்மதித்தது. ஆனால் பிள்ளை ஒட்டாவிட்டால் காப்பகம்தான் என்றார்கள்.

அக்கா சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போவார், நானும் கூடவே. மலர் மூலையில் அமர்ந்து, போட்டதை மட்டும் சாப்பிடுவாள். "இன்னும் விருந்தாளியாவே இருக்குதுடி" என்று அக்கா கவலைப்படுவார்.

ஒருநாள் பள்ளிவிட்டு வந்தவள் பையை வீசிவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாள். சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்து, "ஐயே, இன்னிக்கும் காரக்கொழம்பா!" என்று முகம் சுளித்தாள். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கேக்காம மூடியத் தொறந்துட்டா பாத்தியா? இனிமே இது இந்த வூட்டுப் புள்ள. போய் ரிப்போர்ட்டுல எழுது."

அக்காவே காப்பகத்தில் வளர்ந்தவர். அவருக்கென்று யாருமில்லை. மறுநாள் கல்லறையில் சாமியார், "சொந்தக்காரங்க மொதல்ல வந்து மண்ணு போடுங்க" என்றதும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கல்லூரி போகும் பெண்ணாகிவிட்ட மலர், சேகர் மாமாவின் கையை விட்டுவிட்டு முன்னே போனாள்.

பிறகு சாரம் பகுதியில் இருந்த அக்காவின் வீட்டுக்குத் திரும்பினோம். சாயங்கால வெளிச்சத்தில் எல்லாம் கனவில் நடப்பது போல இருந்தது. மலர் யாரையும் கேட்காமல் அடுப்படிக்குள் போனாள். முந்தின நாள் அக்கா வைத்த மீன்குழம்பின் மூடியைத் திறந்து, விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"எப்பவும் போல உப்பு கம்மி" என்றாள். அப்புறம்தான் வாய்விட்டு அழுதாள்.

அக்கா, உங்கள் வீட்டுக்கும் ஒரு பிள்ளை இருந்தாள். நான் என் கண்ணால் பார்த்தேன். உங்கள் நினைவாக அந்தக் காட்சியை வைத்துக்கொள்கிறேன்.