பட்டாபியின் இடுப்பில் ஒரு சிங்கம்

என் வீட்டுக்காரர் பட்டாபி துறைமுக ஆபீசில் குமாஸ்தா. கப்பல் தாமதமானால்கூடத் தன்னால்தான் என்று கவலைப்படுகிற பிறவி. தொண்ணூற்றெட்டில், கல்கத்தாவில் லேக் கார்டன்ஸ் வீட்டில், மாதக்கணக்காக ஹாலிலேயே படுத்துக்கொண்டிருந்தார். கேட்டால், உள்ளே ஃபேன் சத்தம் போடுகிறதாம். ஃபேனை மாற்றினேன். கொசு என்றார். வலை வாங்கிக் கட்டினேன். புழுக்கம் என்றார். அவருக்கு நான் அலுத்துவிட்டேன் போலிருக்கிறது என்று சமையலறையில் நின்று அழுதிருக்கிறேன். அதைவிட அதிகமாகப் பாத்திரங்களை உருட்டியிருக்கிறேன்.

துர்க்கா பூஜைக்கு முன்னால் அவர் இடுப்பில் அக்கி வந்தது. நெருப்பாக எரியும் கொப்புளங்கள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "நத்திங்" என்றார்.

மாத்திரை சரி. ஆனால் எங்கள் ஊரில் அக்கி வந்தால் குயவர் காவியைக் குழைத்து உடம்பில் சிங்கம் எழுதவேண்டும். கல்கத்தாவில் குயவருக்கா பஞ்சம்? சிலை செய்கிற குயவர்கள் இருக்கும் குமார்டுலிக்கு இழுத்துக்கொண்டு போனேன். தெருவெங்கும் தலை வைக்காத துர்க்கைகள். அங்கே அண்ணாவைத் தாதா என்பார்கள்; சிலை செய்கிற நிமாய் தாதா, நான் அரைகுறை வங்காளியில் கேட்டதும் விழித்தார். பிறகு, தேவியின் சிங்கம்தானே, மனுஷன் இடுப்பில் நின்றால் என்ன என்று தூரிகையை எடுத்துவிட்டார்.

கொப்புளத்தைத் தொடாமல் பக்கத்தில் பிடரி வரைந்தார். இவருக்கோ கிச்சுகிச்சு. வலியில் ஒரு 'ஐயோ', கூச்சத்தில் ஒரு சிரிப்பு. எனக்கும் தொற்றிக்கொண்டது. சுற்றிலும் வங்காளிகள்தானே என்ற தைரியத்தில், இவர் சிரித்துக்கொண்டே மனதிலிருந்ததைக் கொட்டிவிட்டார்.

"உன்னைப் பிடிக்காம இல்லடி, வத்சலா! நேக்குத்தான் முடியல. பக்கத்துல வந்தா உடம்பு ஒத்துழைக்க மாட்டேங்கறது. சொல்ல வெட்கமா இருந்தது."

"இதுக்கா நான் ஃபேனை மாத்தினேன்!" என்று கத்தினேன். சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

நிமாய் தாதா வாலை முடித்தார். வருஷாவருஷம் மெட்ராஸ் வங்காளிகளுக்குச் சிலை செய்யப் போகிறவராம். நல்ல தமிழிலேயே சொன்னார்: "சார், சிங்கம் ஆச்சு. அந்த விஷயத்த டாக்டர்கிட்ட சொல்லுங்க."

சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் இவர் தெருமுனைவரை ஓடினார். நான் சிரித்துச் சிரித்துக் களிமண் குவியலில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரிடம் சொன்னோம். சோதித்ததில் சர்க்கரை எக்கச்சக்கம். இரண்டு தொந்தரவுக்கும் பின்னால் அதுவும் கவலையும் இருக்கலாம், அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டார்.

உடம்பு வழிக்கு வர மாதங்கள் ஆயின. தலையணை மட்டும் சிங்கம் எழுதிய அன்று சாயங்காலமே உள்ளே வந்துவிட்டது.

"வலிக்கறது, கிட்ட வராதே. பயமா இருக்கு" என்றார்.

"சிங்கத்துக்குப் பக்கத்துல படுத்துக்கறது நான்னா! பயம் நேக்குன்னா இருக்கணும்" என்றேன்.