ரெண்டு பொடி நண்டு

தரைவினி அத்தை தலைநகர் சுவாவுக்கு வந்து, கெலேராவின் கல்லூரி விடுதி வாசலில் ஓலைக்கூடையை இறக்கும்போதெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுவாள்.

"ஒண்ணும் கொண்டாரலடி. ரெண்டு பொடி நண்டுதான். வெக்கமா இருக்கு."

கூடையைத் திறந்தால் சேற்று நண்டுகள் நாரால் கொடுக்குக் கட்டப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலம் இருக்கும். அறைத் தோழிகள் அத்தையின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நேராகத் தேங்காய் துருவ ஓடுவார்கள். எங்கள் முகத்துவாரத்து ஊர்களில் அடுத்தவருக்குக் கொடுக்கிற பொருளை வாயாரக் குறைத்துத்தான் பேசுவோம். பெருமை பேசிக்கொண்டு கொடுப்பவளை யாரும் மதிப்பதில்லை.

வீட்டு அடுப்படியில் கதையே வேறு. மாங்குரோவ் வேர்களுக்குள் முழங்கை வரை கைவிட்டு எந்த நண்டை எப்படி இழுத்தாள், அது எப்படி விரலைக் கவ்வியது என்று அத்தை அளப்பதைக் கேட்டால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். கெலேராவுக்குத் தாய் முகம் நினைவில்லை. தகப்பன் கப்பலோடு போனவன், போனவன்தான். அவளுடைய பள்ளிச் சீருடை, பஸ், புத்தகம் எல்லாமே அத்தை சேற்றிலிருந்து இழுத்த நண்டுகள்தான்.

கல்லூரியில் அவள் எடுத்தது சுற்றுச்சூழல் பொருளாதாரமும் கொள்கையும். அவளுடைய சொந்த ஊரான வைலோமாவுக்கு அது வாயில் நுழையவில்லை.

"சேத்துக்கு வெல சொல்ற படிப்பாம்ல! நம்மூர்ல சேத்துக்கா பஞ்சம்? பொண்ணு சீக்கிரம் பணக்காரியாயிடுவா" என்று சபைகளில் ஊர்த் தலைவரின் வாயாக இருந்து பேசும் அபிசாய் பெரியவர் கிண்டலடித்தார்.

கெலேரா சிரித்துக்கொண்டாள். ஆனால் அந்தப் படிப்பை அவள் உயிராக நம்பினாள். ஏழை அழுதால் அரசாங்கம் திரும்பிப் பார்க்காது, ஆற்றுக்கும் சேற்றுக்கும் மதிப்புப் போட்டு மேசையில் வைத்தால் பார்த்துத்தானே ஆகவேண்டும் என்று நினைத்தாள். இருபது வயதில் அப்படி நம்பலாம், தப்பில்லை.

மூன்றாம் ஆண்டில் அந்த நம்பிக்கைக்கே சோதனை வந்தது. வைலோமா முகத்துவாரத்தில் கறுப்பு மணல் அள்ள ஒரு நிறுவனம் அனுமதி கேட்டது. மணலால் வரும் லாபத்தைவிட ஊர் இழக்கும் மீன்பிடிப்பு பெரிது என்று கணக்குக் காட்டினால் அனுமதி கிடையாது. கணக்கெடுக்கும் வேலை பேராசிரியர் ஃபென்விக்கிடம் வந்தது. என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெலேரா கெஞ்சாத குறையாகக் கேட்டு வாங்கினாள். ஆற்றைக் காப்பாற்றப் போவது தான்தான் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டாள்.

நிறுவனத்து ஆட்கள் முன்பு வெறுங்கையோடு ஊருக்குள் நுழைந்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். கெலேரா அப்படி விடுவாளா? ஊருக்குள் வரும் விருந்தாளி தலைவருக்கு வைக்கவேண்டிய யாங்கோனா வேர்க்கட்டு வாங்க வைத்தாள். ஃபென்விக்குக்கு இடுப்பில் துணி சுற்றிவிட்டாள். ஊர்க்கூடத்தில் பாய் விரித்து, வேரைத் தலைவர் முன் வைத்து, கைதட்டினார்கள்; வேரைக் கரைத்த பானம் சிரட்டையில் சுற்றிவந்தது. எல்லாம் முறைப்படி, ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. நடந்த கையோடு, அதே பாயில், அதே விருந்தாளிகள் முன்னால், அவள் கேள்விகளைத் தொடங்கினாள். அங்கேதான் பிசகியது.

"அத்தை, ஒரு தடவ சேத்துல எறங்கினா எவ்வளவு நண்டு கெடைக்கும்?"

தரைவினி தலையைக் குனிந்துகொண்டாள். "எங்க சேத்துல என்னம்மா பெருசா இருக்கு. ஏதோ ரெண்டு பொடி நண்டு."

"எனக்கு அதுவும் இல்ல" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"நான் சும்மா கால் நனைக்கத்தான் போறது" என்றாள் அடுத்தவள்.

கெலேராவின் பேனா நின்றது. வேர் வைத்த சபையில், பெரியவர்கள் முன்னால், வளர்த்தவளைப் பார்த்து அது பொய் என்று எப்படிச் சொல்வாள்? ஃபென்விக் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு காதில் ஒலித்தது: அவங்க சொன்னத எழுது, நீ நெனச்சத எழுதாத. அவள் எழுதினாள்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள். "ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க? அந்த நண்டுலதான என்னைப் படிக்க வெச்சீங்க!"

"விருந்தாளி முன்னாடி என் கூடை பெருசுன்னு பீத்திக்கச் சொல்றியா? என்னை அப்படியாடி வளத்தாங்க? ஏன், உனக்குத் தெரியாதா எவ்வளவு வருதுன்னு? தெரிஞ்சத எழுத வேண்டியதுதான!"

ஃபென்விக் கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "நீயா ஏத்தி எழுதினா அது பொய், கெலேரா. போய் மறுபடி கேட்டுட்டு வா. அவங்க மாத்திச் சொன்னா நானும் மாத்திடறேன்."

அவள் மறுபடி போனாள். அபிசாய் பெரியவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"வேர் முன்னால பேசினது பேசினதுதாம்மா. இப்ப மாத்தினா, அன்னைக்கு விருந்தாளிகிட்ட பொய் சொன்னோம்னு ஆகும்."

"ஆறு போயிடும் பெரியப்பா."

"மானமும் போகணுமா?"

அத்தை பாயின் நாரைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தன் சந்தேகத்தை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கெலேரா எழுதினாள். கடைசிப் பக்கத்தை எந்த அதிகாரி படிக்கிறான்? வைலோமா பெண்கள் பிடிப்பது அற்பம் என்று முதல் பக்கமே சொல்லிவிட்டதே. அனுமதி கிடைத்தது. அந்த அறிக்கைக்காக வகுப்பிலேயே அதிக மதிப்பெண் கெலேராவுக்குத்தான். அதைக் கையில் வாங்கிய அன்று அவள் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள்.

மணல் அள்ளும் கப்பல் வந்தது. கலங்கிய தண்ணீர் தெளியவே இல்லை. மாங்குரோவ் வேர்களில் வண்டல் ஏறி நண்டு வளைகள் அடைத்துக்கொண்டன. இழப்பீட்டுப் பணத்தில் ஊர்க்கூடத்துக்குப் புதுத் தகரம் போட்டார்கள். அத்தை தொலைபேசியில் மழையைப் பற்றியும் கோயில் பாட்டுக்குழுவைப் பற்றியும் பேசினாள். சேற்றைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை, கெலேராவும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

பட்டமளிப்பு நாளில் ஊரே பஸ் பிடித்து வந்தது. அபிசாய் பெரியவர் பூமாலை போட்டு, ஊர் வழக்கப்படி அவள் கன்னத்தில் மூக்கை வைத்து முகர்ந்தார். "சேத்துக்கு வெல சொல்ற பொண்ணு" என்று பழைய கிண்டலைத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அத்தை கடைசியாக வந்தாள். அதே ஓலைக்கூடை. விடுதி வாசலில் இறக்கி வைத்தாள்.

"ஒண்ணும் கொண்டாரலடி. ரெண்டு பொடி நண்டுதான். வெக்கமா இருக்கு."

உள்ளே தோழிகள் வழக்கம்போல் தேங்காய் துருவ ஆரம்பித்துவிட்டார்கள். கெலேரா பட்ட அங்கியோடு குனிந்து கூடையின் மூடியை விலக்கினாள்.

உள்ளே இரண்டு பொடி நண்டுகள் இருந்தன.