ஒரு போத்தல் தீர்த்தம், கொழும்பில் கனமழை

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் நான் நேராகப் பதில் சொல்வதை விட்டு நெடுநாளாகிறது. நாட்டின் காலநிலையைக் கண்காணிக்கிறேன் என்றால் ரொக்கெட் விடுகிறவளைப் போலப் பார்க்கிறார்கள். உள்ளதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். உள்ளது இதுதான்: மன்னார்க் கரையில் அங்கங்கே நட்டு வைத்திருக்கும் கருவிகளில் காகம் எச்சமிட்டதைத் துடைப்பேன், சூரியத் தகட்டில் படிந்த உப்பைக் கழுவுவேன், வயரைக் கடித்த ஆட்டின் சொந்தக்காரரோடு சண்டை பிடிப்பேன்.

ஒருமுறை கழுதைகளைப் பற்றி விசாரிக்க அனுப்பினார்கள். மாடும் ஆடும் கழுதையும் விடுகிற வாயு கூட வானத்தைச் சூடாக்குகிறதாம். நாடு அதற்கும் கணக்குக் காட்ட வேண்டுமாம். மன்னார் ரவுணில் கழுதைகள் கூட்டம் கூட்டமாக நடுரோட்டில் படுத்திருக்கும், ஆனால் ஒன்றுக்கும் சொந்தக்காரர் கிடையாது. "இது உங்கட கழுதையோ?" என்று நான் கேட்ட கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கழுதை விடுற காத்தைப் பிடிக்கிறதுக்கும் அரசாங்கம் ஆள் வைச்சிருக்கோ பிள்ளை?"

அந்தக் கதை எனக்கு முன்பே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அக்கா ஒரு கிழமை சிரித்தாள். அப்போது அவள் நிறைமாதக் கர்ப்பிணி. சிரித்தால் வயிறு நோகிறது என்று என்னையே ஏசினாள்.

அந்த வருடம்தான் எங்கள் ஊருக்கே ஒரு மழைமானி வந்தது. எங்கள் ஊர் விடத்தல்தீவுக்குப் பக்கத்தில், வரைபடத்தில் தேடினாலும் தெரியாத ஒரு கரையோரக் குடியிருப்பு. மாதா கோவில் வளவுக்கு மதில் இருந்ததால் ஆடும் கழுதையும் வராது என்று கருவியை அங்கேயே நட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர் சிங்களவர். தட்டுத்தடுமாறி, ஆனால் ஆசையாகத் தமிழ் கதைப்பார். ஒரு கம்பம், அதன் மேல் சட்டி அளவு வாயுள்ள ஒரு புனல், அதற்குள்ளே சின்னதாக ஒரு கரண்டி. கரண்டி நிரம்பினால் கவிழும். கவிழ்ந்தால் உடனே கொழும்புக்குச் செய்தி போகும். திரும்பிப் போகும்போது எஞ்சினியர் கம்பத்தில் ஒரு வெள்ளை நூலைச் சுற்றிக் கட்டினார். அளவு பார்க்கிற நூலாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்போது கடும் வறட்சி. கிணறெல்லாம் உவர்த்துவிட்டது. குடிக்கிற தண்ணீர் பவுசர் என்கிற தாங்கி லொறியில்தான் வந்தது. எந்த ஊருக்குப் பவுசர் போக வேண்டும் என்பதை மழையின் அளவைப் பார்த்தே தீர்மானித்தார்கள். மழை பெய்த ஊருக்குப் பவுசர் கிடையாது. இது நியாயமான ஏற்பாடுதான், நானே ஊராருக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊரில் புதிதாக எது வந்தாலும் மந்திரிக்காமல் தொடங்குவதில்லை. வள்ளம், வலை, எஞ்சின், ஓட்டோ, எல்லாவற்றுக்கும் பாதர் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்க வேண்டும். வளவில் நிற்கிற கருவியை மட்டும் விடுவார்களா? ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் சனம் முழுவதும் கம்பத்தைச் சுற்றி நின்றது. பாதர் பாவம், அளவோடு இரண்டு துளிதான் தெளித்தார், அதுவும் கம்பத்தில். ஆனால் கோவிலைப் பார்த்துக்கொள்கிற சக்கிடுத்தாருக்கு மனம் ஆறவில்லை. மழை கேட்கிற கருவிக்கு இரண்டு துளி காணுமா? மடு மாதா திருவிழாவில் இருந்து கொண்டுவந்து பத்திரப்படுத்தியிருந்த தீர்த்தப் போத்தலைத் திறந்து, கதிரையில் ஏறி நின்று, புனலுக்குள் பயபக்தியோடு ஊற்றத் தொடங்கினார்.

"ஊத்தாதேங்கோ! உள்ளுக்கை ஊத்தாதேங்கோ!" என்று நான் கத்தினேன். சனம் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. என் சத்தத்தையும் பக்தி என்று நினைத்து இன்னும் உரத்துப் பாடினார்கள்.

புனலின் வாய் சின்னது. அதற்குள் ஒரு போத்தல் தண்ணீர் போனால், கருவியின் கணக்கில் அது ஊர் முழுக்கக் கொட்டிய மழை. நான் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை, எஞ்சினியரின் அழைப்பு வந்துவிட்டது.

"மிஸ், சந்தோசம்! அங்க நல்ல மழை!"

"மழை இல்லை சேர். தீர்த்தம்."

"கருவி பொய் சொல்லாது மிஸ்."

"கருவி பொய் சொல்லேல்லை சேர். தண்ணி விழுந்தது உண்மை. ஆனா அது வானத்திலயிருந்து வரேல்லை, போத்திலுக்குள்ளயிருந்து வந்தது."

அவர் மேலிடத்தில் சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னார். வாய்ச்சொல்லை வைத்து மழையை அழிக்க முடியாது, ஆதாரம் வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டதாம். ஆளுக்கொரு காரணம் சொல்லி விருப்பத்துக்கு மாற்றினால் நாட்டின் கணக்கு என்னாவது? அதுவும் நியாயம்தான். அந்தக் கிழமை எல்லாரும் நியாயமாகவே நடந்தார்கள், பவுசர் மட்டும் வரவில்லை.

முதலில் ஊர் பகிடி பண்ணியது. மீன் ஏற்ற வருகிற முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், ஐஸ் பெட்டியை இறக்காமலே சிரித்தார். "நாங்க வெயிலுக்க நிண்டு மழைத் தொழுகை தொழுதும் ஒரு துளி விழேல்ல. நீங்க ஒரு போத்தில்ல வேலையை முடிச்சிட்டீங்களே!" என்றார். சிரித்த கையோடு தன் வீட்டிலிருந்து இரண்டு கான் தண்ணீர் கொண்டுவந்து அக்காவின் வாசலில் இறக்கினார்.

பிறகு பகிடி நின்றுபோனது. குடங்கள் காய்ந்தன. சக்கிடுத்தார் கருவியின் மேல் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துவிட்டு, என்னைக் கண்டால் மதில் பக்கமாக ஒதுங்கினார். பெண்கள் என்னை நேரே பார்க்கவில்லை, என் சைக்கிளைப் பார்த்து ஏசினார்கள்.

அக்காவுக்குப் பிள்ளை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாங்கள் இருவரும் இந்தியாவில் அகதி முகாமில் வளர்ந்தவர்கள். தண்ணீர் லொறியின் சத்தம் கேட்டால் பள்ளிக்கூடப் பையை எறிந்துவிட்டுக் குடத்தோடு ஓடுவோம். வரிசையில் தள்ளுப்பட்டு அக்காவின் நாடியில் விழுந்த வெட்டு இன்னும் இருக்கிறது. தன் பிள்ளை ஒருநாளும் தண்ணீருக்கு வரிசையில் நிற்கக் கூடாது என்று சொல்லித்தான் ஊர் திரும்பினாள். திரும்பி வந்த ஊரில், அத்தான் விடியமுதல் மோட்டார் சைக்கிளில் கானைக் கட்டிக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். அக்கா உவர்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தாள்.

"நீ பாக்கிற வேலை எங்கட தண்ணியை நிப்பாட்டுற வேலையோடி?" என்று கேட்டாள். பிள்ளை பால் காணாமல் அழுதுகொண்டிருந்தது. நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். கொழும்பு மேலும் சக்கிடுத்தார் மேலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மடு மாதா மேல் கூடக் கொஞ்சம் வந்தது, அதை அப்போது வெளியே சொல்லவில்லை.

ஏசி முடிந்த கையோடு அக்காவே போனை எடுத்தாள். "ஆதாரம் ஆதாரம் எண்டு அழுறியே, இந்தா பார்."

பச்சை உடம்போடு கோவிலுக்கு வர முடியாதவள் என்பதால், மந்திரிக்கிறதை அத்தான் முழுவதும் படம் பிடித்து அவளுக்கு அனுப்பியிருந்தார். எல்லாம் இருந்தது: மேகத்தின் பொட்டுக்கூட இல்லாத வானம், வியர்வையைத் துடைக்கிற பாதர், கதிரையில் சக்கிடுத்தார், கவிழ்கிற போத்தல், பின்னால் கையை ஆட்டிக் கத்துகிற நான். கருவி மழை என்று சொன்ன அதே நேரமும் அதில் விழுந்திருந்தது. நான் அக்காவைக் கட்டிப்பிடித்தேன். அவள் தள்ளிவிட்டாள், பிள்ளை நித்திரையாம்.

படத்தை அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் எஞ்சினியர் அழைத்தார். சிரித்துச் சிரித்து அவருக்குத் தமிழ் வரவில்லை.

"மிஸ், அந்தக் கம்பத்தில வெள்ளை நூல் இருக்குதானே? அது எங்க பன்சலைல, புத்த கோவில்ல, ஓதித் தந்த பிரித் நூல். கருவிக்கு நல்லது நடக்கட்டும் எண்டு நான் கட்டினது." திரும்பவும் சிரித்தார். "ஆனா மிஸ், நான் புனலுக்குள்ள கட்டேல்ல."

அந்த மழையை அழித்தார்கள். பவுசர் வந்தது. சக்கிடுத்தார் வாளியை எடுத்தார். கருவிக்குப் பக்கத்தில் எந்தப் போத்தலும் வராமல் பார்ப்பது இனித் தன் பொறுப்பு என்று பூசைக்கு வந்தவர்களிடம் அறிவித்தார். பிள்ளையின் ஞானஸ்நானத்தன்று பாதர் தண்ணீரைக் கையில் எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "உன்ர மழைப் பெட்டியை மூடிட்டியோ?"

ஐப்பசி பிறந்து, ஒரு பின்னேரம் கடல் பக்கம் கறுத்தது. முதல் துளி விழுந்ததும் சனம் எல்லாம் முற்றத்துக்கு ஓடியது, நான் மட்டும் போனோடு கோவில் வளவுக்கு ஓடினேன். கரண்டி டக் டக்கென்று கவிழ்கிற சத்தம் காதில் கேட்டது.

"மிஸ், இது யார் ஊத்துறது?" என்று போனில் கேட்டார் எஞ்சினியர்.

"மேல இருக்கிறவர்தான் சேர்!" என்று கத்தினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல காலம், மழையில் தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா கூரை விளிம்பின் கீழே வீட்டிலுள்ள அத்தனை பானைகளையும் வாளிகளையும் அடுக்கியிருந்தாள். பிள்ளையைத் தூக்கி, அதன் ஒரு காலை மட்டும் மழைக்குள் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த மழையோடு எங்களுக்குப் பவுசர் நின்றுவிடும் என்று சொன்னேன். அவளுக்குக் கோபம் வருமோ என்று பயமாகவும் இருந்தது.

"நிக்கட்டும்," என்றாள். "பெரியமடுப் பக்கம் இன்னும் பெய்யேல்லையாம். கொழும்புக்கு எடுத்துச் சொல்லு, எங்கட பவுசரை அங்க விடச் சொல்லி. அங்கயும் ஆரும் ஒருத்தி பிள்ளையோட பாத்துக்கொண்டிருப்பாள்."