ஜன்னல் கம்பிக்கு வந்த கரிச்சான்

பர்மாவில், மிங்கலாடோனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம் உண்டு. அதில் பறவைப்பெட்டி கட்டலாம் என்பது தம்பியின் யோசனை. வீட்டில் நானும் அவனும் மட்டும்தான். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சட்டம் வந்ததிலிருந்து அவன் பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. மலேசியா போய்விட்டான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தேன். உள்ளேயே உட்கார்ந்து பழைய பலகையில் பெட்டியைச் செய்தான்; ஏணி வைத்து ஏறிக் கட்டியது நான். துவாரம் ஜன்னலைப் பார்த்து இருக்க வேண்டும் என்று உள்ளிருந்தே அதிகாரம் வேறு. நாம் பிழைத்துக் கிடப்பதே பெரும்பாடு, இதில் குருவிக்கு வீடா என்று திட்டிக்கொண்டேதான் கட்டினேன்.

வெயில்காலம் தொடங்கியபோது ஒரு ஜோடி வந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டும் குண்டுக்கரிச்சான். பர்மாக்காரர்கள் தபெய்லுவே என்பார்கள். மண்தட்டில் தண்ணீர் வைத்தேன். பூனையை விரட்டினேன். செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்தினேன். உயிருள்ள புழுதான் வேண்டும் என்றான் தம்பி. மிங்கலா தாங்ஞுன்டில் ஒரு பறவைக் கடையில் வாங்கி, நெளிகிற டப்பாவை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். என்ன பலகாரம் என்று பக்கத்து சீட்டுக்காரி ஒருநாள் கேட்டாள்.

முதலில் ஜன்னல் விளிம்பில் புழுவை வைத்தான். பிறகு விரல் நுனியில். மெல்ல ஒரு சீட்டி அடித்தால் போதும், ஆண் கரிச்சான் கம்பிக்கு வந்து அவன் கையிலிருந்தே கொத்தும். பல மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே நான் வாயை மூடிக்கொண்டேன்.

குஞ்சு பொரித்த வாரம், பட்டாளத்துக்குப் பெயர் எடுக்கும் வார்டு ஆபீஸ்காரர் ஒருவர் வந்தார். தம்பி ஜன்னலைச் சாத்திக்கொண்டான். பறவைச் சத்தம் தெருவரை கேட்கிறது என்றார். அவரும் ஒரு காலத்தில் பறவை வளர்த்தவராம். பின்வாசலில் உட்கார வைத்து டீ கொடுத்தேன். தன்மையாகத்தான் பேசினார்.

அப்போது கரிச்சான் மரத்திலிருந்து நேராகச் சாத்திய ஜன்னலுக்கு வந்தது. கம்பியில் நின்று வாலை ஆட்டியது. பலகையைக் கொத்தியது. காத்திருந்து மறுபடி கொத்தியது.

யார் அறை என்று கேட்டார். சாமான் அறை என்றேன், நான்தான் அங்கே நின்று தீனி போடுவேன் என்றேன். எழுந்து போகும்போது பர்மியில் நிதானமாகச் சொன்னார்: "குஞ்சு பறக்கிற வரைக்கும் பெட்டியை எடுத்துடாதே, தங்கச்சி. உன் கையில வாங்கித் தின்கிறதைப் பார்க்க மறுபடி வர்றேன்."

மறுநாளே தம்பியை அனுப்பிவிட்டேன். எங்கே என்று இங்கே எழுத மாட்டேன். புறப்படும் முன் சீட்டியைச் சொல்லிக்கொடுத்தான். "அவசரப்படாதக்கா. அது கையைப் பாக்காது, மூஞ்சியத்தான் பாக்கும்."

அவன் கட்டிலில் உட்கார்ந்து சீட்டி அடித்துப் பார்த்தேன். கரிச்சான் கிளையை விட்டு அசையவில்லை. தோள் வலிக்கும்வரை புழுவை நீட்டினேன். தம்பியின் சட்டையைப் போட்டுக்கொண்டு நீட்டினேன். கெஞ்சினேன், பிறகு வாய்க்கு வந்தபடி ஏசினேன். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டது.

சொன்னபடி அவர் வந்தார். அறையைத் திறந்து காட்டினேன். என் பக்கத்திலேயே நின்றார். நான் ஜன்னலைத் திறந்து கையை நீட்டினேன். சீட்டி பாதியிலேயே வெறும் காற்றாகப் போனது. ஆனாலும் கரிச்சான் கம்பிக்கு வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பியது.

அது என் விரலைத் தாண்டிக் கம்பி வழியே உள்ளே நுழைந்தது. கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து கத்தியது. அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி கத்தியது.

அவர் கட்டிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்பப் போனான்?" என்று கேட்டார்.